இரண்டாவது ஸ்லாட் காலி

5

சனிக்கிழமை காலை எட்டரை மணி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூடியிருந்த ஜெராக்ஸ் கடையின் வாசலில் ரெபேக்காள் எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"நீங்கதான் துப்பறியறவரா?" என்று என்னோடு வந்த செல்வராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் வண்டி ஓட்றவன்மா. துப்பறியறது இவங்க, பிரதீபா மேடம்," என்று அவர் என்னைக் கைகாட்டினார். "பாக்க டைப்ரைட்டிங் க்ளாஸ் போற பொண்ணு மாதிரி கீறாங்கன்னு நெனக்காத. போன மாசம் ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மூணு பொண்டாட்டி கீதுன்னு கண்டுபுடிச்சாங்க."

ஒரு மனைவிதான். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்ணே எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வந்து சொன்னாள். திருத்த வாயெடுப்பதற்குள் ரெபேக்காள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

அவள் தம்பி சாலமோன். வயது இருபத்துமூன்று. செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக். நான் மாலை நேர ஹார்டுவேர் வகுப்புக்குப் போகும் இடத்தில் கெட்டுப்போன மெஷின்களைச் சரிசெய்ய ஒருமுறை வந்தபோது பார்த்திருக்கிறேன். கல்பாக்கம் பக்கத்தில் ஒரு வளாகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கான்ட்ராக்டர் அவனை வேலைக்கு எடுத்திருந்தார். உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும். அது வரும் வியாழக்கிழமை.

"அப்பா அம்மா ரெண்டு பேரும் மதுராந்தகம் ஏரிக்கரையில அடுத்தவன் நெலத்துல நட்டு நட்டே செத்தாங்க," என்றாள் ரெபேக்காள். "எங்க வூட்ல மாசச் சம்பளம்னு ஒண்ணு வாங்கப்போற மொத ஆளுக்கா அவன். இப்ப போயி திருடன்னு சொல்றாங்க."

சதுரங்கப்பட்டினத்தில் அலைவாய் ஊழியர் வீட்டுமனைச் சங்கம் என்று ஒன்று. அங்கே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது மந்தமாக ஓடுகிறது என்று புதிதாக 128 எம்பி மெமரி வாங்கினார்கள். அக்டோபர் 22, திங்கட்கிழமை, சாலமோன் அதை மாட்டிக் கொடுத்தான். 30-ஆம் தேதி மவுஸ் மாற்றப் போனவன் இருபது நிமிஷம் அறையில் தனியாக இருந்தான். 31-ஆம் தேதி பார்த்தால் மெமரி இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பொருள் வராவிட்டால் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

"புகார் போனா கேட் பாஸ் இல்ல. அவ்ளோதான்," என்றாள் ரெபேக்காள். "உங்களாண்ட வந்தது அவனுக்குத் தெரியாது. ராத்திரி பூரா உக்காந்துகினே இருந்தான். காலைல புள்ளைங்க கேட்டுச்சுன்னு வூட்டு கம்ப்யூட்டர போட்டேன். படமே வரல, கீ... கீன்னு கத்திக்கினே கீது. வேற நாளா இருந்தா பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவான். இன்னிக்கு வந்து ஆஃப் பண்ணிட்டு, கைய வெக்காதன்னு மட்டும் சொன்னான். மனசு ஒடஞ்சிட்டான்க்கா."

நான் எழுதினேன்: 'வீட்டுக் கம்ப்யூட்டர் கத்துகிறது. சரிசெய்யவில்லை. மனச்சோர்வு.'

"அவன் எடுக்கலன்னு அவங்க வாயால சொல்லணும்," என்றாள் ரெபேக்காள். "அது போதும்."

செல்வராஜின் எம்-80 வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்வரை நான் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அந்த மெமரின்றது இன்னா சைஸு?"

"அரையடி நீளம்கூட வராது அண்ணா. பச்சைத் தகடு. அதுல கறுப்புக் கறுப்பா சில்லு ஒட்டியிருக்கும்."

"அத்த எடுத்தா வண்டி நின்னுடாதா?"

"ஏற்கெனவே பழைய தகடு ஒண்ணு முதல் ஸ்லாட்டுல இருக்கு. புதுசு ரெண்டாவது ஸ்லாட்டுல. ரெண்டாவதை எடுத்தா முன்னாடி ஓடின மாதிரியே மெதுவா ஓடும். ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில ஒரு எண்ணிக்கை ஓடும். பழசு மட்டும் இருந்தா 65536-ல நிக்கும். ரெண்டும் இருந்தா 196608."

"அந்த நம்பர யாரு பாப்பாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்க."

"அப்ப 31-ஆம் தேதி எப்படிப் பாத்தாங்க?"

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்டி குலுங்கியதில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

சங்க அலுவலகம் டச்சுக் கோட்டைக்குப் போகும் தெருவில் இருந்தது. ஒரே அறை, ஒரு பீரோ, இரண்டு மேஜை, சரஸ்வதி படம். செயலாளர் நரசிம்மன் ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. பேனாக்களைக்கூட உயர வரிசைப்படி குத்தி வைத்திருந்தார். எங்களுக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பிறகுதான் பேசினார். மோசமான மனிதராக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு அது தொந்தரவாக இருந்தது.

"எனக்கு அந்தப் பையன் மேல எந்த விரோதமும் இல்லம்மா," என்றார். "மெம்பர்ஸோட பொருள். நான் பதில் சொல்லணும். அவன் கொண்டுவந்து வெச்சுட்டு, எடுத்தேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். ஸ்டேஷன் வரைக்கும் போகவே வேணாம்."

"மெமரி இல்லைன்னு யார் சார் முதல்ல கவனிச்சது?"

அவர் கிளார்க் சியாமளாவைப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"சாலமோனேதாங்க சொன்னாரு. மவுஸு மாத்திட்டு, 'இன்னா, பாதிகூட காட்டலியே, சார்கிட்ட கேளுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் சார்கிட்ட சொன்னேன்."

"திருடினவனே வந்து காணோம்னு சொல்லுவானா சார்?" என்றார் செல்வராஜ்.

"சொன்னா சந்தேகம் வராதுன்னு நினைச்சிருக்கலாம்," என்றார் நரசிம்மன் அமைதியாக. "நானும் நாலு தடவை யோசிச்சேன். வேற யாரும் அந்தப் பெட்டியைத் தொடல."

எனக்கு முறை என்று ஒன்று உண்டு. முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஆட்கள். பத்து இருபதுக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். எண்ணிக்கை ஓடி 65536-ல் நின்றது. அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பின்னால் இருந்த ஒரே திருகாணியைக் கழற்றினேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருப்பது எல்லா ஆபீஸ்களிலும் வழக்கம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கேபினெட்டின் மூடியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தேன்.

மூடி முன்முகத்தோடு சேரும் விளிம்பில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம். இந்த மாவட்டத்தில் அந்தப் பொட்டு இல்லாத மெஷினே இருக்காது. எங்கள் வீட்டு மிக்ஸியில்கூட இருக்கிறது. மூடியை இழுத்ததும் அது மொறுக்கென்று உடைந்து மேஜையில் உதிர்ந்தது.

"சாமி பொட்ட ஒடச்சிட்டியே மேடம்," என்றார் செல்வராஜ். "கம்ப்யூட்டர் சாபம் வுட்டா இங்கிலீஷ்ல வுடும். எனக்குப் புரியாது, நீதான் வாங்கிக்கணும்."

திறந்த கேபினெட்டில் தூசி விழக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். மேஜையையும் விளிம்பையும் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தேன். கைக்குட்டையை ஜன்னலுக்கு வெளியே உதறினேன். கடல் காற்று வாங்கிக்கொண்டது.

உள்ளே முதல் ஸ்லாட்டில் பழைய தகடு. இரண்டாவது ஸ்லாட் காலி. இரண்டு பக்கத்து வெள்ளைக் கிளிப்புகளும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கையால் திறந்து எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். மூடியை மறுபடி மாட்டிவிட்டு, இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தேன். 30-ஆம் தேதி சியாமளா தபால் ஆபீஸுக்குப் போயிருந்தாள். நரசிம்மன் பேங்குக்குப் போயிருந்தார். அந்த இருபது நிமிஷம் சாலமோன் தனியாக இருந்தது உண்மை. பன்னிரண்டரைக்கு என் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்திருந்தது. நான்கு பக்கமும் சாலமோனுக்கு எதிராக இருந்தது.

கோட்டை மதிலுக்கு எதிரே டீக்கடை. செல்வராஜ் டீ சொல்லிவிட்டு, கை துடைக்கத் துணி எடுக்க எம்-80-இன் பக்கவாட்டு டூல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

"இன்னா மேடம் மூஞ்சி இப்படி கீது? அந்தப் பையன் எடுத்துட்டான்னு முடிவு பண்ட்டியா?"

"தெரியலண்ணா. நான் பார்த்ததுல ஒண்ணுகூட அவனுக்குச் சாதகமா இல்ல. இதுக்கு நான் லாயக்கு இல்லையோன்னு தோணுது."

"அது எனக்கு ஆறு மாசமா தோணுது. அதுக்காக வுட்டுட்டா போனேன்? டீயக் குடி."

கிளாஸ் சுட்டது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தேன். துணியில் மஞ்சள் கறை. அதைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தபோது டூல்ஸ் பெட்டி கண்ணில் பட்டது. அதன் மூடியிலும் ஒரு சந்தனப் பொட்டு. பாதிப் பொட்டு. மீதிப் பாதி வண்டியின் உடம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணா, இந்தப் பொட்டு எப்போ உடைஞ்சுது?"

"ஆயுத பூஜைக்கு மறுநாளே. என் பொண்டாட்டி சரியா மூடி சேர்ற எடத்துல வெச்சிட்டா. பஞ்சர் ஒட்ட தொறந்தேன், ரெண்டா பொளந்துகினு போச்சு. அதுக்கு ஒரு நாளு சோறு போடல."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"என்ன கிழமை ஆயுத பூஜை?"

"வியாயக்கெயம. இருபத்தஞ்சு."

"சாலமோன் எடுத்ததாச் சொல்றது முப்பதாம் தேதி. மூடியைத் திறக்காம தகட்டை எடுக்க முடியாது. திறந்திருந்தா பொட்டு அன்னைக்கே உடைஞ்சிருக்கணும்."

செல்வராஜ் டீயை வாயில் வைத்தபடி நின்றார். மெதுவாக விழுங்கினார்.

"நீ தொறக்கும்போதுதானே ஒடஞ்சுது."

"ஆமா."

"அப்ப இருபத்தஞ்சுலேருந்து இன்னிக்கு காலைல வரைக்கும் எவனும் தொறக்கல. பையன் எடுக்கல. மேடம், முடிஞ்சுபோச்சு, வா, போயி அந்தப் பொட்ட காட்டு."

நான் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். ஒரு மஞ்சள் கறை. அவ்வளவுதான் மிச்சம்.

யாராவது ஓர் அவசரக்காரர், முறையே தெரியாத ஒருவர் போயிருந்தால் பெட்டியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்திருப்பார். பொட்டு அப்படியே இருந்திருக்கும். நான் முறைப்படி செய்தேன். முறைப்படி துடைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே, அலுவலகத்தின் பின்பக்கம் இருவரும் குனிந்து தேடினோம். மணல். ஆட்டுப் புழுக்கை. சவுக்குச் சருகு. செல்வராஜ் ஒரு மஞ்சள் துணுக்கை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மெதுவடை," என்று கீழே போட்டார்.

"இன்னா தேடறீங்க?"

சியாமளா சாப்பாட்டு டப்பாவோடு பின்கதவில் நின்றிருந்தாள். நரசிம்மன் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். இனி ஆட்களிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"சியாமளா அக்கா, கம்ப்யூட்டர்ல அந்தப் பொட்டை வெச்சது யாரு?"

"நான்தான். எங்க வூட்ல பொட்டி, பீரோ எதுவா இருந்தாலும் தொறக்கற எடத்துலதான் வெப்போம். இது எங்க தொறக்கும்னு எனக்குத் தெரியல. சார்தான் காட்டுனாரு."

"சாருக்கு எப்படித் தெரியும்?"

"அப்பதானே அவரு தொறந்துட்டு மூடுனாரு."

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சியாமளா நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன்.

"எதுக்குத் திறந்தாரு?"

"புதுசா வாங்கினது இல்ல? சாமிகிட்ட வெக்கணுமே. போன வருஷம் புது ஃபேனு வாங்குனப்ப அதையும் கழட்டித்தான் வெச்சோம். சாலமோன் மாட்டும்போது சார் பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தாரு, அதே மாரி கிளிப்ப வுட்டுட்டு எடுத்தாரு. அந்தப் பச்சத் தகடு. தட்டுல வெச்சு, பொட்டு வெச்சு, மேல சாமந்தி போட்டோம். எல்லாம் முடிச்சு மூடியப் போட்டப்பறம்தான் பெட்டிக்கு நான் பொட்டு வெச்சேன்."

"அந்தத் தகடு அப்புறம் எங்கே போச்சு?"

"வெள்ளிக்கெழம காலைல சார் எடுத்து மாட்டியிருப்பாரு."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் பொரி கட்டிகினு இருந்தேன்..."

"மாட்டணும்னா மூடியைத் திறக்கணும். திறந்தா நீங்க வெச்ச பொட்டு உடையும். உடைஞ்சிருந்துதா?"

அவள் டப்பாவின் மூடியை அரைவாசி திருகியபடி நின்றுவிட்டாள்.

"தெனமும் நான்தான் தொடைக்கிறேன். பொட்ட வுட்டுட்டு சுத்தித் தொடைப்பேன். இன்னிக்கு காலைலகூட முழுசாத்தான் இருந்துது."

"பூஜைத் தட்டுல இருந்ததை எல்லாம் யாரு எடுத்தது?"

"நான்தான். பூவு, எல, தேங்கா நாரு, எல்லாத்தையும் பேப்பரோட சுருட்டி..." அவள் குரல் இறங்கியது. "சாமி பூவு. குப்பையில போடக்கூடாதே."

கையை நீட்டிக் காட்டினாள். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் வெளுத்துக் கிடந்தது.

நாங்கள் மூவரும் கரை வரைக்கும் நடந்தோம். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டு நாள் ஆகிவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். ஈர மணலில் ஒரு பிளாஸ்டிக் பை, தேங்காய் மூடி, ஒற்றைச் செருப்பு. ஒவ்வோர் அலையும் எதையாவது கொண்டுவந்து வைத்தது, மறுபடி எடுத்துக்கொண்டது.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் செல்வராஜ் கடலைப் பார்த்து. "ஆளு பெரிய எடம். இவரு மேல எஃப்.ஐ.ஆர். போட எந்த ஏட்டுக்கும் தில்லு வராது."

சியாமளா சிரிக்கவில்லை. "நான் தினக்கூலிங்க," என்றாள். "சார் நல்லவருதான். ஆனா அவரு ஒண்ணு செஞ்சது தப்புன்னு இதுவரைக்கும் அந்த ரூம்ல யாரும் சொன்னதில்ல."

"உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வெச்சிருந்த சாட்சியை நானே துடைச்சுட்டேன்."

அவள் அலை வந்து பாதத்தைத் தொடும்வரை நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"வாங்க. வந்து சொல்றேன்."

மணி இரண்டு இருபது. அலுவலகத்து வாசலில் காலையில் பார்க்காத ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் ஒரே ஒரு சின்ன பீப் கொடுத்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெஷின் சொல்லும் சத்தம்.

சாலமோன் மேஜைக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர். நரசிம்மன் அவன் தோளுக்கு மேல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. 65536-ஐத் தாண்டியது. 196608-ல் நின்றது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கம்மா," என்றார் நரசிம்மன். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி. "முடிஞ்சுபோச்சு. கொண்டுவந்துட்டான். எழுதியும் கொடுத்துட்டான். நான்தான் சொன்னேனே, எனக்கு வேற எதுவும் வேணாம்."

மேஜை மேல் ஒரு காகிதம். அழகான, சாய்வில்லாத கையெழுத்து. '30.10.2001 அன்று நான் எடுத்துச் சென்ற மெமரியை இன்று திருப்பி ஒப்படைத்தேன். இனி இவ்வாறு நடக்காது.' கீழே சாலமோனின் கையெழுத்து. தேதி, நேரம் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான்.

"சார்," என்றேன். "இவன் எடுக்கல. ஆயுத பூஜை அன்னைக்கு நீங்கதான் அதைக் கழட்டிச் சாமிகிட்ட வெச்சீங்க."

"ஆமா, வெச்சேன்," என்றார் சாதாரணமாக. "வெள்ளிக்கிழமை காலைல பொரி கொடுக்கறதுக்கு முன்னாடி எடுத்து மாட்டினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. நான் எடுத்ததை எடுத்த இடத்துல வைக்காம இருந்ததே இல்ல."

பொய் சொல்பவர்களின் கண்ணை நான் ஓரளவு பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் மாப்பிள்ளைகள் நிறைய. இவர் பொய் சொல்லவில்லை. மாட்டியதாகவே நம்பினார்.

"மூடி மேல ஒரு பொட்டு இருந்தது சார். நீங்க மாட்டியிருந்தா அது உடைஞ்சிருக்கும். உடையவே இல்ல."

"எங்கே அது?"

நான் கைக்குட்டையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"சரி, அதை விடுங்க. தகடு வேற எங்கேயோ போயிருந்தா, இப்ப ஸ்லாட்டுல இருக்கறது எங்கேருந்து வந்தது? வானத்துலேருந்தா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. வகுப்பில் நான்காவது வாரம். மெஷின் கீ, கீ என்று நிற்காமல் கத்தினால், படம் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது: மெமரி ஸ்லாட்டில் இருக்கிறதா. நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வரி. காலை எட்டரை மணிக்கு ரெபேக்காள் அதைத்தான் சொன்னாள். நான் 'மனச்சோர்வு' என்று எழுதினேன். ராத்திரியே தன் மெஷினிலிருந்து தன் சொந்தத் தகட்டைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறான். அது புரிந்திருந்தால் அவனை வழியிலேயே நிறுத்தியிருப்பேன்.

"சார், அது அவனோட வீட்டு..."

"அக்கா."

சாலமோன் திரும்பியிருந்தான். கெஞ்சவில்லை. கணக்கு கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

"வியாழக்கெழம வெரிஃபிகேஷன். நீங்க சொன்னா சார் ஒத்துக்கமாட்டாரு. திங்கட்கெழம புகார் போவும். அப்பறம் நான் எடுக்கலன்னு ஆறு மாசத்துல தெரிஞ்சாலும் எனக்கு இன்னா? வுட்டுடுங்கக்கா."

"பாத்தீங்களா, அவனே சொல்றான்," என்றார் நரசிம்மன். அவன் சொன்னதில் பாதியைத்தான் அவர் கேட்டிருந்தார். "சியாமளா, நீ ஏதோ சொல்லணும்னு நிக்கறே போலிருக்கே. என்னம்மா?"

சியாமளா சாலமோனைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக, அவளுக்கு மட்டும் தெரியும்படி, இல்லை என்று அசைத்தான்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள்.

சாலமோன் மூடியைப் பொருத்தினான். ஒற்றைத் திருகாணியை முடுக்கினான். அப்புறம், யாரும் கேட்காமலே, சட்டைப்பையிலிருந்து இரண்டு திருகாணிகள் எடுத்துக் காலியாக இருந்த துளைகளிலும் போட்டான்.

சியாமளா சரஸ்வதி படத்துக்கு அடியில் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். காய்ந்த சந்தனத்தில் நாலு சொட்டு தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மூடி முன்முகத்தோடு சேரும் விளிம்பில், இரண்டு பக்கத்தையும் தொடும்படி, மோதிர விரலால் அழுத்தி வைத்தாள். நடுவில் குங்குமம்.

"இப்ப எதுக்கும்மா இது?" என்றார் நரசிம்மன்.

"யாராவது தொறந்தா தெரியும் சார்." அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துச் சொன்னாள். "ஆயுத பூஜைக்கு வெச்சது இன்னிக்கு காலைல வரைக்கும் அப்படியே இருந்துது. இவங்க தொறக்கும்போதுதான் ஒடஞ்சுது."

நரசிம்மன் கடிதத்தைக் கையில் எடுத்திருந்தார். அது அவர் கையிலேயே நின்றது. பெட்டியைப் பார்த்தார். சரஸ்வதி படத்தைப் பார்த்தார். படத்துக்கு முன்னால் தட்டு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அவர் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன: வியாழன், வெள்ளி, பொரி.

அவர் கடிதத்தை இரண்டாக மடித்தார். பீரோவைத் திறந்தார். அதன் கதவில் இருந்த பொட்டு எப்போதோ இரண்டாகப் பிளந்து, கதவுக்கு ஒரு பாதியாக நின்றிருந்தது. கடிதத்தை ஒரு ஃபைலில் செருகி, ஃபைலை அதன் இடத்தில் வைத்து, பீரோவைப் பூட்டினார்.

"நான் மாட்டினேன்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

வெளியே வெயில் மங்கியிருந்தது. சாலமோன் ஸ்க்ரூடிரைவரைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"உங்கள அனுப்பினது எங்க அக்காதானே?" என்றான். "வூட்டு கம்ப்யூட்டரு கத்திக்கினே இருக்கும். கேட்டா போர்டு போச்சுன்னு சொல்லுங்கக்கா. மெமரின்னு மட்டும் சொல்லாதீங்க. சம்பளம் வந்தா போட்டுக்கறேன்."

அவன் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான். செல்வராஜ் எம்-80-ஐ உதைத்தார். இரண்டாவது உதைக்கும் கிளம்பவில்லை.

நான் நோட்டைத் திறந்தேன். ரெபேக்காள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அவர்கள் வாயால் வர வேண்டிய வாக்கியம். அதற்கென விட்டிருந்த பக்கம் காலியாக இருந்தது. அதன் கீழே நான் எழுதினேன்:

'பிற்பகல் 2.50. மூடி மூடப்பட்டது. மூன்று திருகாணி. விளிம்பில் புதுப் பொட்டு, முழுசாக இருக்கிறது. பார்த்தவர்கள் ஐந்து பேர்.'

"இப்ப அத்த எதுக்கு மேடம் எழுதறே?" என்றார் செல்வராஜ்.

"காலைல எழுதியிருக்கணும்," என்றேன்.

மூன்றாவது உதைக்கு வண்டி கிளம்பியது.